மரித்தோர் தாளில் நான் எழுதிய பெயர்

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். சாதாரண நாளில் கோழி கிளறியதுபோல எழுதுகிறவள், யார்மேலாவது பற்றிக்கொண்டு வந்தால் அச்சடித்ததுபோல எழுதுவேன். இப்போதும் அப்படித்தான். பதினொரு வயதில், என் வாழ்க்கையிலேயே மிக அழகான கையெழுத்தில் ஒரு பெயரை எழுதினேன். அதை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதிக் கிழித்தது போதும்.

அது அம்மாவின் தம்பியின் பெயர். மன்னாரில் ஐஸ் லொறி ஓட்டிய மாமா. நான் அவரை நேரில் கண்டதில்லை. தொலைபேசியில் என்னை வெள்ளைக்காரி என்று கூப்பிட்டுச் சிரிப்பார். போர் முடிந்த வாரம், பெயரைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவம் சொன்னதை நம்பி, மாமி தன் கையாலேயே அவரை ஒப்படைத்தார். பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்த முகாமிலும் அவர் இல்லை. போய்க் கேட்டால், அப்படி ஒருவரை நாங்கள் எடுக்கவேயில்லை என்றார்கள். பேருந்து நிறைய ஆட்கள், ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, எடுக்கவேயில்லையாம்!

நாங்கள் அப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருந்தோம். அம்மா ஓர் ஆர்மீனியப் பெண்ணின் பேக்கரியில் மாவு பிசைகிற வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் மூலை மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன். கடைக்கார அன்ரிக்கு அம்மாவின் வயதுதான், குரல் மட்டும் நாலு பேருடையது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒருநாள் கடையைப் பூட்டிவிடுவார். நூறு வருடத்துக்குக் கிட்ட முன்னால் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியரையும் அசீரியரையும் கிரேக்கரையும், கிறிஸ்தவர்கள் என்று பிரித்தெடுத்து, வெட்டியும் பாலைவனத்துக்கு நடத்தியும் கொன்றதை நினைக்கிற நாள் அது. அன்ரியின் பாட்டனார் வீட்டில் பாட்டனார் ஒருவர்தான் மிஞ்சினாராம்.

அந்த வருடம் கடை திறந்த மறுநாள், வழக்கமாக வருகிற ஒரு மனிதர், ஏன் நேற்றுப் பூட்டிக் கிடந்தது என்று கேட்டார். அன்ரி சொன்னார். அந்த மனிதர் நல்ல மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அது போர்க்காலம், இரண்டு பக்கமும் செத்தார்கள், இன்னும் எவ்வளவு காலத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு திரியப்போகிறீர்கள் என்றார். அன்ரி மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அந்த மனிதரின் கையிலிருந்த ரொட்டிப் பையைப் பிடுங்கினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் ஆட்களின் பெயரைச் சொல்லக் கூசுகிற வாய்க்கு என் ரொட்டி இல்லை என்றார்.

இரண்டு பக்கமும் என்ற அந்தச் சொல்லை நாங்கள் முந்தின வருடம் முழுதும் எங்கள் போரைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தோம். அம்மா மாவுக் கையோடு நின்று சிரித்தார். மாமா போனபிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அன்றைக்கே அன்ரி அம்மாவுக்கு ஒரு நாவல் கொடுத்தார். அந்த நாட்களில் அழிந்துபோன ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கவும் விலைச்சீட்டு வாசிக்கவும்தான் போதும். அதனால் ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்து வந்து அம்மா உடுப்பு மடிக்கிற நேரத்தில், அப்பா வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். நன்றாகச் சொல்வார். குதிரைக்குச் சேணம் தைக்கிற ஒரு மனிதர், மனைவி, நாலு பிள்ளைகள். ஊரைவிட்டுக் கிளப்புகிறார்கள். நடக்க நடக்க ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அப்பா எதையும் மறைக்கவில்லை, கடைசிப் பையனைக் கிணற்றடியில் தவறவிடுகிற இடம் வரைக்கும். அடுத்த ஞாயிறு, ஆடு மேய்க்கிற குடும்பம் ஒன்று அவனை எடுத்து வளர்த்தது என்றார். அவன் வளர்ந்து கப்பலேறிப் போய், பல வருடம் கழித்து அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டான் என்றார். அம்மா மடித்த துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழும்பிப் போய், ஒருவரும் கேட்காமலே றோல்ஸ் பொரித்தார்.

எனக்கு அந்தக் கடிதத்தை நானே வாசிக்கவேண்டும்போல இருந்தது. அப்பா அடையாளத்துக்கு வைத்திருந்த லொத்தர் சீட்டுத் துண்டிலிருந்து முன்னும் பின்னும் தேடினேன். கடிதம் இல்லை. ஆடு மேய்க்கிற குடும்பமும் இல்லை. அந்தப் பையன் கிணற்றடியிலேயே செத்துப்போகிறான். இரண்டே வரி.

புத்தகத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். அவர் முதலில் அறைக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு விளங்காது. கொம்மாட்டைச் சொல்லாதை."

பொய் சொன்னீர்கள் என்றேன். ஓமோம், நீ பெரிய அரிச்சந்திரன்ர பேத்தி, போய்ப் படி என்றார்.

எனக்கு உச்சியில் ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைத்தானே அன்ரி வாசலால் துரத்துகிறார்? அப்படி ஒருவர் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்திருந்து கதை சொல்கிறாரே! கொன்றவனின் பொய்க்கும் அப்பாவின் பொய்க்கும் வித்தியாசம் தெரியாத வயது. அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ரொட்டிப் பையோடு நின்ற மனிதர்தான் தெரிந்தார். மாதக்கணக்காக அதே கோபத்தில் இருந்தேன். கோபத்தை ஆறவிடுகிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

அந்தக் கோபத்தோடுதான் நவம்பர் வந்தது. கத்தோலிக்கரான எங்களுக்கு அது இறந்த ஆன்மாக்களின் மாதம். கோவிலில் ஒரு தாள் தருவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொடுத்தால், பூசையில் வாசித்துச் செபிப்பார்கள். எனக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகக்கூடாது என்று அம்மா அதை என்னைக்கொண்டுதான் எழுதுவிப்பார். மாமாவின் பெயர் அந்தத் தாளுக்கு உரியதல்ல. மாமாவுக்கென்று அம்மா மாதாமாதம் கொடுக்கிற பூசை சுகத்துக்கு, அதாவது உயிரோடிருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பூசை. கோவிலில் சில அன்ரிமாருக்கு அது பொறுக்காது. இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசையாக மாற்றிக் கொடும், அந்தப் பிள்ளையின் ஆன்மா எவ்வளவு காலத்துக்கு மோட்சம் போகாமல் உத்தரிக்கிறது என்று அம்மாவுக்குப் புத்தி சொல்ல வருவார்கள். இவர்களை யார் கேட்டது? அம்மா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்த வருடம் அம்மா சொன்ன ஏழு பெயர்களையும் எழுதினேன். அவர் அடுப்பைப் பார்க்கப் போனதும், எட்டாவதாக மாமாவின் பெயரை ஞானஸ்நானப் பெயரோடு முழுதாக எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன். சத்தியமாக, நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பெயரைச் சொல்லவேண்டும் என்று அன்ரி சொன்னாரே. இந்த வீட்டில் நான் ஒருத்தியாவது, மாமா இனி இல்லை என்ற உண்மையை எழுதுகிறேன் என்ற பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமியார் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். மற்றவர்களின் கிறுக்கல்களில் தடக்கித் தடக்கி வந்தவர், எங்கள் தாளை மட்டும் மடமடவென்று வாசித்தார். அவ்வளவு தெளிவான எழுத்து. எட்டாவது பெயரையும் வாசித்தார். நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று சனம் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழும்பிவிட்டார்.

"சுவாமி, அந்தப் பேரை எடுங்கோ."

குரலை உயர்த்தவில்லை. கோவில் முழுக்கக் கேட்டது.

"அவனைக் கொண்டுபோனவை இன்னும் பதில் சொல்லேல்லை. அவை சொல்லட்டும். நீங்கள் சொல்லவேண்டாம்."

சுவாமியார் பேனா தேடினார். பாடகர் குழுவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அந்தப் பெயரை வெட்டும்போது பேனா கீறுகிற சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

காரில் ஏறியபிறகுதான் அம்மா என்னைக் கேட்டார், நீயோ எழுதினது என்று. ஓம் என்றேன். அதோடு நிறுத்தினேனா? அப்பாதான் பொய்க்காரன், அந்தப் பையன் செத்துப்போனான், கடிதமே வரவில்லை என்று கத்தினேன். சிவப்பு விளக்கு விழுந்து கார் நின்றது.

"தெரியும்," என்றார் அம்மா. "கடையில அவ முழுக் கதையையும் சொல்லிப்போட்டுத்தான் புத்தகத்தைத் தந்தவ."

பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொப்பா சொன்ன மாதிரி நல்லாயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தன்."

பச்சை விழுந்தது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம்தான் கூடியது. இருவரும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு கிழமை அவர்களோடு கதைக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு மாமி தொலைபேசி எடுத்தார். அரசாங்கக் கந்தோரில் கூப்பிட்டு, மாமாவுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போம் என்றார்களாம். ஆளை எடுக்கவேயில்லை என்றவர்களிடம் அவர் செத்ததற்கு மட்டும் கடதாசி இருக்கிறது! அன்ரியின் ஆட்களை யாரும் கொல்லவேயில்லை என்கிறார்கள். எங்கள் ஆளைச் செத்தவராக்கிக் கணக்கை மூடப் பார்க்கிறார்கள். ஒரே பொய்தான், இந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். மாமி கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்துவிட்டார். இன்றுவரை போடவில்லை. அம்மா இன்றுவரை சுகத்துக்குத்தான் பூசை கொடுக்கிறார்.

மாமி வாங்க மறுத்த அந்தக் கடதாசியை, ஒருவரும் கேட்காமலே, பதினொரு வயதில், அச்சடித்ததுபோல நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.