என் வீட்டுக்காரருக்கு ஒரு பைப்பு

என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்ட மறுவாரம், வாயில் ஒரு முருங்கைக்காய்த் துண்டை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பாரில் வெந்தது இல்லை, பச்சை. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னாய்யா கோலம் இது?" என்றேன். "வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுமே," என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்: இனி சிகரெட்டைத் தொட்டால் அடுத்த முறை ஆம்புலன்ஸ் வரவும் நேரம் இருக்காது. "ஒண்ணே ஒண்ணு..." என்று இவர் இழுத்தார். டாக்டர் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பு.

நாங்கள் இருப்பது திருநின்றவூரில். நான் டர்னர். ஐடிஐ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம். பொம்பளை லேத் ஓட்டுகிறாளா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வாய் இப்படி ஆகிவிட்டது. அவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் பார்த்த நாளிலிருந்து சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருக்கும். இப்போது அந்தப் பை காலி. காலிப் பையைத் தடவிக்கொண்டே இருப்பார், பார்க்கப் பாவமாக இருக்கும். அதற்காக விட்டுவிடுவேனா? வெளியே போய் வந்தால் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

ஆவடியில் ரயில் நின்று நின்று கிளம்பிய ஒரு சாயங்காலம், போனில் லேத் வீடியோ ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரர் மரக்கட்டையில் புகைக்குழாய் செய்கிற வீடியோ தானாக ஓடியது. பழைய படங்களில் பணக்கார அப்பா ஹவுஸ்கோட்டு போட்டுக்கொண்டு வாயில் வைத்திருப்பாரே, அந்தப் பைப்பு. மனுஷன் பேசவே இல்லை. துளை போட்டார், அராவினார், தேய்த்தார், கடைசியில் பற்றவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பொறி தட்டியது. பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொள்ளலாமே? பல்லுக்குக் கடிக்கக் கிடைக்கும், கைக்குப் பிடிக்கக் கிடைக்கும், இழுத்தால் காற்றும் வரும். முருங்கைக்காயைவிடக் கௌரவம். லேத்தும் இருக்கிறது, கையும் இருக்கிறது, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். அடேயப்பா, எனக்கு எவ்வளவு தலைக்கனம்!

மரத்துக்குப் பூந்தமல்லியில் கட்டில் கால் கடைகிற பாயிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும், கையில் எடுத்த தேக்கைக் கீழே வைத்துவிட்டார். "தேக்கு வோணாம்மா, எண்ண வாடை அடிக்கும். புளியங்கட்டை எட்த்துக்கினு போ. கறிக்கடைல அத்தினி வெட்டு வாங்குது, இத்த தாங்காதா?" என்று, காய்ந்து கல்லாகிக் கிடந்த கட்டையிலிருந்து துண்டுகள் அறுத்துக் கொடுத்தார். "அவுரு தம்மு வுட்டா அதுவே போதும்மா," என்றார்.

பட்டறை முதலாளி, சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா கிடந்தால் எடுத்துக்கொள் என்றார். கட்டையை லேத்தின் பிடியான சக்கில் பூட்டி, முதலில் வெளி உருவத்தை அழகாகக் கடைந்துவிட்டுக் கடைசியில் துளை போட்டேன். இரும்புக்கு நார் கிடையாது, மரத்துக்கு உண்டு. ட்ரில் பிட் நாரைப் பிடித்துக்கொண்டு அதன் இஷ்டத்துக்குப் போய்ப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. அடுத்தது உடையாமல் வந்தது. ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் வைத்த வேகத்தில் எடுத்தார். "லேத்து மெஷினையே வாய்ல வெச்ச மாதிரி கீதுமே!" அப்போதுதான் உறைத்தது. துளை போடும்போது பழக்கத்தில் கை தன்னால் இரும்புக்கு ஊற்றுகிற கட்டிங் ஆயிலை ஊற்றியிருக்கிறது. மரமும் வயிறு முட்டக் குடித்திருக்கிறது. அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீடியோவை அவரும் நானுமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்த ஆள் சதுரக் கட்டையாக இருக்கும்போதே துளைகளை முடித்துவிடுகிறார், உருவம் அதற்கப்புறம்தான். மொத்தம் இரண்டு துளை. மேலிருந்து இறங்குவது பெரியது, கட்டைவிரல் நுழைகிற அகலம். புகையிலை வைக்கிற குழி அதுதான். பக்கவாட்டில் வருவது மெல்லியது, காற்றுக்கு. சின்னது போய்ப் பெரியதன் அடியில் சரியாகச் சேர வேண்டும். கொஞ்சம் மேலே சேர்ந்தாலும் அடியில் இருக்கிற புகையிலை எரியாமல் நசநசவென்று தங்கிவிடும். "இதுல யாரு புகையிலை வைக்கப்போறா? எங்க சேந்தா இன்னா?" என்றேன். இன்ஸ்பெக்டர் விடுவாரா? "பைப்பு செஞ்சா பைப்பா செய். பொம்மைன்னா நானே கடைல வாங்கிக்கினு வர மாட்டேனா?" என்றார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, கம்பெனியில் தள்ளுபடிச் சாமானுக்குப் போடுவதுபோலச் சிவப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் தோசைக்குச் சட்னி கிடையாது, வெறும் பொடிதான். ஆனால் அந்தக் குறியைப் போடுகிற நேரத்தில் அவர் கை காலிப் பைக்குப் போகவில்லை. அதைப் பார்த்த பிறகு எத்தனை குறி வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழியின் அடி தட்டையாக இருக்கக் கூடாது, முட்டையின் அடிபோல உருண்டிருக்க வேண்டும். அதற்கான பிட் எங்கள் பக்கக் கடைகளில் இல்லை. பழைய தட்டை பிட் ஒன்றை கிரைண்டரில் பிடித்து நானே முனையை உருட்டினேன். கொஞ்சம் உள்ளே விட வேண்டும், வெளியே இழுத்துத் தூளை ஊத வேண்டும், மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் சூடேறி மரம் கருகும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. புளியங்கட்டைதான் அதைக் கொஞ்சம் என் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது.

வாயில் வைக்கிற காம்புக்கு எபோனைட், பேனா கடைய எடுக்கிற அதே கறுப்புக் குச்சி. திருவள்ளூர்ப் பக்கம் பேனா செய்கிற ஒருவரிடம் வாங்கினேன். கடைந்தால் அழுகின முட்டை நாற்றம். அதை வளைக்க, கடாயில் கல் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, கடலை வறுக்கிற மாதிரி அதில் புதைத்து வைத்தேன். உள்ளே இருக்கிற துளை நசுங்காமலிருக்கக் கூடை பின்னுகிற வயரைச் செருகியிருந்தேன். அந்தச் சனியன் உருகி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மேல் வீட்டு அம்மா கேஸ் லீக் ஆகிறதென்று பதறிக்கொண்டு ஓடிவந்தார். கடாய் போயிற்று. அடுத்த தடவை செப்புக் கம்பி செருகினேன், சரியாக வளைந்தது.

அந்தக் காம்பை மரத்தில் நூலிழை இடைவெளி இல்லாமல் பொருத்தி, பார் என் வேலையை என்று கொடுத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் மரம் உப்பி, காம்பு நுழைகிற கழுத்தில் விரிசல் விட்டது. "இரும்புன்னு நென்ச்சியா? கட்டை உப்புறதுக்கும் கொஞ்சம் எடம் வுடணும்மே," என்றார். இடம் விட்டேன். அடுத்தது இழுத்தால் குக்கர் மாதிரி விசில் அடித்தது. அதற்கடுத்தது பல்லுக்குத் தடிமன். "இன்னாமே இது, நாதஸ்வரமா?" பல் கடிக்கிற இடம் லேத்தில் வராது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஊசி அரத்தை எடுத்து அராவிக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் நான் ஏதோ நகை வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று வந்தது. தேன்மெழுகு பூசித் தேய்த்ததும் புளியங்கட்டையின் கறுப்பு ரேகை மேலே எழுந்து வந்தது. அவர் கம்பியை விட்டுப் பார்த்தார், டார்ச் அடித்தார், வெர்னியர் வைத்து அளந்தார். வாயில் வைத்து இழுத்தார். மார்க்கரைத் தேடவில்லை. "சோக்கா கீதுமே," என்றார். என் உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார், சண்டை போடுவார், வெங்காயம்கூட உரிப்பார். பெட்டிக்கடைப் பக்கம் போகிற சாக்குகள் குறைந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அங்கேதான் எனக்கு அரிப்பு பிடித்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த பைப்பு உண்மையிலேயே புகையுமா? செய்தவளுக்குத் தெரிய வேண்டாமா? இழுத்துப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் வீட்டில் இருக்கிறார், அவர் பற்றவைக்கக் கூடாது. பட்டறையில் இருக்கிறவர்களுக்கு பீடி, சிகரெட் தவிர ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் மனசைக் கட்டி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கினதும் பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட் கேட்டேன். கடைக்காரத் தம்பி திகைத்துப்போனான். "அண்ணாத்தே மறுபடி ஆரம்ச்சிட்டாராக்கா?" "எனக்குத்தான்டா. தீப்பெட்டியும் குடு," என்றேன். அவன் வாயை மூட ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, சிகரெட்டைப் பிரித்துத் தூளைக் குழியில் அடைத்துப் பற்றவைத்தேன். கண்ணில் தண்ணீர், தொண்டையில் எரிச்சல், நெஞ்சே வெளியில் வந்துவிடும் போல ஒரு இருமல். கர்மம், இதையா இவ்வளவு வருஷம் இழுத்தார் இந்த மனுஷன்! நிமிர்ந்தால் படிக்கட்டு முகப்பில் அவர் நிற்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"கிட்ட வராதய்யா!" என்று கத்தினேன்.

"வர்ல. காத்து அந்தாண்டதான் போவுது," என்றார். மாடியின் மறு கோடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்டி உறியாதமே. சூடா டீ குடிக்கிற மாதிரி மெல்ல இஸ்து வுடு."

மெல்ல இழுத்தேன். இருமல் அடங்கியது. "குளுகுளுன்னு சத்தம் வர்தா?" என்று கேட்டார். வரவில்லை. "கை சுடுதா?" சுடவில்லை. புகை ஒரே சீராக எழுந்து ஊர் ஏரிப் பக்கம் போனது. அணைந்ததும் கவிழ்த்துத் தட்டச் சொன்னார். அடிவரைக்கும் எரிந்து, ஈரமில்லாத வெள்ளைச் சாம்பல் தரையில் விழுந்தது. "அடி வரிக்கும் எர்ஞ்சிருக்குது. பாஸு," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. குழம்பு வைக்கக் கீழே போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, அந்தப் பைப்பைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். "இத்த பட்டறைலயே வெச்சிடு. எனக்கு ஓட்டை இல்லாம ஒண்ணு செஞ்சி குடு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "யோவ், அந்த ஓட்டைக்காக நான் தலையால தண்ணி குட்ச்சிகீறேன். கட்டை போச்சு, கடாய் போச்சு. நொட்டை சொல்லிச் சொல்லிக் குறி போட்டது யாரு, நீதானே? இப்ப ஓட்டையே வோணாமா?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நேத்து நான் உன்னப் புட்க்க மேல வர்லமே. வாசனைக்கு வந்தேன். பாதித் தூக்கத்துல கால் தானா ஏறிச்சு. நீ கீழ போனப்பறம் அந்தச் சாம்பலாண்டயே குந்திகினு இருந்தேன்." என் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "பைப்பு கரீட்டா கீது. அதான் பயமா கீது."

ஆப்பரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அந்த மனுஷன் பயமாக இருக்கிறதென்று சொன்னதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்த அத்தனை நாளும் அவர் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் நான் செய்து கொடுத்ததை வாயில் வைத்துக்கொண்டே. அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அன்றைக்கு ரயில் போயே போய்விட்டது.

மத்தியானம் பட்டறையில் புதுக் கட்டையைப் பூட்டியதும் கை தன்னால் ட்ரில் பிட்டைத் தேடியது. எடுத்ததைத் திரும்ப ட்ராயரில் வைத்தேன். குழி இருக்க வேண்டிய இடத்தில் விரல் முனை பதிகிற அளவுக்குப் பள்ளம் மட்டும் விட்டேன். காம்பையும் துளையில்லாமல் கடைந்து, உப்பில் வளைத்து, பல் படுகிற இடத்தை மட்டும் எப்போதும் செய்ததைவிட மெலிசாக அராவினேன்.

முடித்துக் கொண்டுபோன சாயங்காலம் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். வாயில் வைத்துக் கடித்தார். கன்னம் இரண்டும் குழி விழ இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வர்லமே," என்றார், நிம்மதியாக.