ஒரு தட்டுக்கு மறுபடியும், இரண்டு தட்டுக்கு வேறு பாட்டு

இருளப்பசாமி பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் குடிவந்தபோது அவனிடம் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், இருபத்திரண்டு வயது ஆகிய மூன்றும் இருந்தன. டேப் ரெக்கார்டர் ஆறு மாதம் கழித்து வந்தது. அதற்கப்புறம்தான் அவனை ஓர் ஆளென்று நாலு பேர் மதித்தார்கள்.

அது 1986. ஒரு லாரி செட்டில் வேலை. மிளகாய் வத்தல் மூட்டை ஏறும், பருத்திப் பொதி இறங்கும். எந்த லோடு எந்த ஊருக்கு என்று சீட்டு எழுதி ஒட்டுவது இவன் பாடு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் இவனைக் கைகழுவிவிட்டது. ஆனால் கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். வத்தல் நெடியில் நாள் முழுக்கத் தும்மி, சாயங்காலம் மூக்கும் கண்ணும் சிவந்து வீடு திரும்புவான். எதிரே வருகிறவர்கள் துக்கம் விசாரிக்காத குறைதான்.

வீடு என்பது ஞானையா காம்பவுண்டு. கீழே ஆறு குடித்தனம், மாடியில் இரண்டு, முற்றத்தில் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குழாய். மாடியில் இவனுடையது ஒற்றை அறை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே இருந்ததைச் சுவர் என்று சொன்னால் மற்ற சுவர்கள் கோபித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் இவன் எழுந்து தண்ணீர் குடிப்பான்.

அந்தப் பக்கம் இருந்தது ஜெப ஷீலாவும் அவள் அம்மா ஞானப்பூவும். ஷீலா திருச்சுழியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவாள். அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, பேச்சும் போய்விட்டது. பகலில் கீழ்வீட்டு சோலையம்மாள் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் காம்பவுண்டே அறிந்த சேதி. இருளப்பசாமிக்கும் சொன்னார்கள். அவன் காதில் ‘ஷீலா’ மட்டும்தான் தங்கியது.

டேப் வந்த முதல் நாள் சாயங்காலம், அதைச் சுவரோரம் ஸ்டூலில் வைத்து ஒரு பாட்டைப் போட்டான். வயலின்கள் கூட்டமாகச் சேர்ந்து அழுது ஆரம்பிக்கிற சினிமாப் பாட்டு. முடிந்ததும் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, “டொக்.”

சத்தம் அதிகம் என்று திட்டுகிறார்களாக்கும் என்று பயந்து அணைத்தான். உடனே டொக் டொக் டொக் என்று மழை மாதிரி விழுந்தது. நடுங்கிப்போய் மறுபடி அதே பாட்டைப் போட்டான். சத்தம் நின்றது.

ஒரு வாரத்தில் பாஷை பிடிபட்டுவிட்டது. ஒரு தட்டு விழுந்தால் அதே பாட்டை மறுபடி போட வேண்டும். இரண்டு தட்டு விழுந்தால் வேறு பாட்டு. தட்டாவிட்டால், பரவாயில்லை, ஓடட்டும்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. ஷீலாவிடம் நேரில் அவன் பேசியதெல்லாம் “தண்ணி வந்துருச்சா?” என்பதும், “இன்னும் வரல” என்பதும்தான். மற்றதையெல்லாம் டேப் பேசிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். வேதக்காரப் பிள்ளையாயிற்றே, சந்தோஷப்படுவாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுசாமி கோயில் பாட்டுக் கேசட் ஒன்றை இரவல் வாங்கிவந்து போட்டான். முதல் சரணம் முடியுமுன்னே இரண்டு தட்டு. அடுத்த பாட்டுக்கும் இரண்டு தட்டு. ‘அடேயப்பா, இவள் நம்ம கட்சி’ என்று பூரித்துப்போனான்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள், லாரி செட்டில் கூட வேலை பார்த்த கருத்தப்பாண்டி.

“ஏலே, நேத்து சொவரு என்னலே சொல்லுச்சு?”

“ஒரே பாட்டுக்கு நாலு தட்டு. நாலு தடவ போட்டேன்.”

“அப்பன்னா கல்யாணமே முடிஞ்ச மாதிரிதான். புள்ள பொறந்தா ஆறு தட்டு தட்டுவா.”

1989 ஆடியில் பரளச்சியிலிருந்து அம்மா முத்துத்தாய் லாரி செட்டுக்கே வந்து நின்றாள்.

“ஏய்யா, ஒன் மாமன் கேட்டு விட்டுருக்காரு. ஆவணியில பரிசம் போடணுமாம். ஜெகதீஸ்வரிக்கு என்ன கொறச்சல்? சரியா இல்லையான்னு வெள்ளிக்கெழம வந்து சொல்லிரு. அவுகளும் எத்தன நாளு பொண்ண வச்சுக்கிட்டு இருப்பாக?”

வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள். அதற்குள் ஷீலாவிடம் கேட்டாக வேண்டும். அவள் சரியென்றால் ஊரே எதிர்த்தாலும் பார்த்துக்கொள்ளலாம். வாயால் கேட்கத் தைரியமில்லை. எனவே பாட்டுக்கடைக்குப் போனான். மூன்று வருடத்தில் ஒரு தட்டு வாங்கிய பாட்டுகளை மட்டும் பொறுக்கி வரிசையாக எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதியச் சொன்னான். வியாழன் மத்தியானம் கைக்கு வந்தது. அட்டையில் தன் அச்சுக் கையெழுத்தில் ‘ஜெப ஷீலாவுக்கு’ என்று எழுதினான். கேசட்டைக் கொடுக்க வேண்டியது. அவள் புரிந்துகொள்ள வேண்டியது. அவ்வளவுதான் திட்டம்.

அன்று சாயங்காலம் அந்த வயலின் பாட்டைப் போட்டுவிட்டு, சட்டைப்பைக்குள் கேசட்டோடு மாடி வராந்தாவில் வந்து நின்றான். கீழே குழாயடியில் சோலையம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் சண்டை. வரிசையில் மூன்றாவதாக ஷீலா நின்றாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டு முடிவதற்காகக் காத்திருந்தான்.

பாட்டு முடிந்தது.

முதுகுக்குப் பின்னால், “டொக்.”

ஷீலா கீழேதான் நின்றாள். இரண்டு கையிலும் குடம்.

“டொக்.”

இருளப்பசாமி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருடத்து மாலை நேரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. உள்ளே போய் டேப்பை அணைத்தான். கேசட்டைத் தகரப்பெட்டிக்குள் போட்டு மூடினான்.

வெள்ளிக்கிழமை பரளச்சி பஸ்ஸில் ஏறிப்போய், “சரி” என்றான். ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, “வத்தல் லோடு” என்றான்.

ஞாயிறு திரும்பி வந்தும் டேப்பைத் தொடவில்லை. பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்தான். சுவர் தட்டியது. திரும்பிப் படுத்தான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டியது, மெதுவாக, தப்பு செய்தவர் கதவைத் தட்டுகிற மாதிரி. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

திங்கள் சாயங்காலம் அவன் வாசலில் முதல்முறையாக ஷீலா நின்றாள்.

“அண்ணே, டேப்பு ரிப்பேரா?”

அந்த ‘அண்ணே’ ஒன்றே போதுமாக இருந்தது. இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டுமே.

“இல்ல... கரண்டு இல்ல.”

அவன் தலைக்குமேல் பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஷீலா அதை ஒருமுறை பார்த்தாள்.

“அம்மா நாலு நாளா சரியாச் சாப்புட மாட்டேங்குறாக. சொவத்தத் தட்டித் தட்டிப் பாக்குறாக. அப்பறம் என்னையப் பாக்குறாக, நான் என்னமோ பாட்ட ஒளிச்சு வச்சுருக்க மாதிரி. மூணு வருசமா அவுக தட்டுறதுக்கெல்லாம் மொகம் சுளிக்காமப் போட்டீக. பெத்த புள்ளகூட செய்யாது. நான் ஒரு தேங்ஸ் சொன்னதில்ல. கோவமாண்ணே?”

“கோவமா? எனக்கா? சேச்சே.” பிறகு தாங்காமல் கேட்டான். “கோயில் பாட்டுப் போட்டா மட்டும் ரெண்டு தட்டு தட்டுவாகளே, ஏன்?”

ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “முப்பது வருசம் கோயில் கொயர்ல பாடுனவுக. சாமிக்குப் பாடுனது போதும்னு நெனச்சுட்டாகளோ என்னமோ.”

அவனைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை சொன்ன ‘சரி’ பரளச்சியில் பத்திரமாக இருந்தது.

அன்று வயலின் பாட்டை ஆறு தடவை போட்டான். ஆறு தடவையும் டொக் என்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரிந்தும் அவன் கை ஒவ்வொரு தட்டுக்கும் தானாகவே ரீவைண்ட் பொத்தானுக்குப் போனது. அவனுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

கல்யாணத்தை மாமன் வீட்டில் தைக்குத் தள்ளிவைத்தார்கள். அதுவரை ஒருநாள்கூட டேப் ஓயவில்லை. நாடா அறுந்தால் பசைத்தாள் ஒட்டினான். சுருள் சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றினான். ஐப்பசி வாக்கில் தட்டின் சத்தம் குறைந்தது. டொக் என்று இருந்தது டக் என்றாகி, பிறகு சுவரில் காதை வைத்தால்தான் கேட்டது. அவன் காதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்தது. தட்டு வரவில்லை. தன் காதில்தான் விழவில்லை போலும் என்று அவனாகவே மறுபடி போட்டான். பாதிப் பாட்டில் ஷீலாவின் அழுகை சுவரைத் தாண்டி வந்தது. அவசரத்தில் பொத்தானை அழுத்தத் தெரியாமல் பிளக்கையே பிடுங்கினான்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் முதல்முறையாகப் போனான். மூன்றரை வருடமாக மனதுக்குள் குடித்தனம் நடத்திய வீடு. ஞானப்பூ அம்மா ஒரு கைப்பிடிதான் இருந்தார். கட்டிலோரச் சுவரில், படுத்திருப்பவர் கை எட்டுகிற உயரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். கட்டிலுக்கு அடியில் எவர்சில்வர் டம்ளர். விளிம்பெல்லாம் நசுங்கி, இடுக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. எல்லோரும் அம்மாவைப் பார்த்து அழுதார்கள். இருளப்பசாமி அந்தப் பள்ளத்தைப் பார்த்து அழுதான். வத்தல் நெடி என்று அங்கே சொல்ல முடியவில்லை.

பத்து நாள் கழித்து ஷீலா சாமான் கட்டினாள். பாலவனத்தத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறாள். அங்கிருந்து வேலைக்குப் போய்வரலாம். கிளம்புகிற அன்று வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, அம்மாவுக்கு எந்தெந்தப் பாட்டு புடிக்கும்னு எனக்கே சரியாத் தெரியாது. நான் வீட்டு வேலையில இருப்பேன், காதுல விழாது. ஒங்களுக்குத்தான் தெரியும். எப்பயாச்சும் ஒரு கேசட்டுல பதிஞ்சு குடுப்பீகளா?”

“இருங்க.”

உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தான். சவர பிளேடால் அட்டையைச் சுரண்டினான். ‘ஜெப ஷீலாவுக்கு’ லேசில் போகவில்லை. அவன் கையெழுத்து அப்படி. சுரண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, ‘ஞானப்பூ அம்மா’ என்று எழுதினான். அதில் பொய் ஒன்றுமில்லை. அத்தனை பாட்டும் அவர் தட்டி வாங்கியதுதான்.

“இம்புட்டு சீக்கிரமாவாண்ணே?”

“ரெடியாத்தான் இருந்துச்சு.”

அவள் கேசட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். தெரு திரும்பும்வரை அவன் வராந்தாவிலேயே நின்றான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள், அண்ணனுக்கு.

தையில் ஜெகதீஸ்வரி வந்தாள். நல்லவள், பாட்டும் பிடிக்கும். காம்பவுண்டை விட்டு, சொந்தமாக இரண்டு அறை கட்டிக் குடிபோனார்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு டிவி, லாரி செட்டில் நாற்காலி போட்ட வேலை. 1996இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிவியில் அந்த வயலின் பாட்டு வந்தது. ஜெகதீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் இருளப்பசாமி கையில் இருந்த டம்ளரால் பக்கத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினான்.

“என்னங்க அது?”

“கொசு” என்றான்.