காருக்குள் அணையாத விளக்கும் மூன்றாவது டெஸ்டும்

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தது ஓணத்துக்கு முந்தின புதன்கிழமை. என் மனைவி வியாழன் என்பாள். புதன்தான்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவள் இரண்டு டெஸ்ட் தோற்றிருந்தாள். அவள் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஷிஃப்ட் மாறிவிட்டது. வேலை முடிந்தால் வீடு திரும்ப பஸ் கிடையாது. இந்தத் தடவையும் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அதனால் மூன்றாவது டெஸ்டுக்குச் சொந்தக் காரிலேயே போவதென்று முடிவானது.

டெஸ்டுக்கு முந்தின சாயங்காலம், இருட்டத் தொடங்கும்போது, கடைசிப் பயிற்சி முடித்து வாசலில் நிறுத்தினாள். சாவியை உருவி இறங்கினாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுவரை வெயிலிலேயே ஓட்டியதால் நாங்கள் கவனித்ததில்லை.

"ஏனுங்க, லைட்டு அணையலீங்களே!"

கதவைத் திறந்து இன்னும் ஓங்கிச் சாத்தினேன். எரிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்தவர்.

"விடிய விடிய எரிஞ்சா பேட்டரி செத்துப்போகுமுங்க. காலையில வண்டி நகராது. வெள்ளம் வந்த வருசம் எம்மச்சான் வேனுக்கும் இதேதான்."

அவர் மச்சான் வேன் வாங்கியதே வெள்ளத்துக்கு அடுத்த வருடம். சொன்னேன்.

"இப்ப வருசமா முக்கியம்?" என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சாத்தினார். எரிந்தது.

எதிர் மளிகைக் கடை பாய் வியாபாரத்தை விட்டு வந்து பின்கதவைத் திறந்து சாத்தினார். பால் வாங்க வந்தவர்கள் டிக்கியைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் உதவிக்கு வந்தவர் கையைக் கட்டி நிற்பது மரியாதையில்லை. ஆளுக்கொரு கதவு கிடைத்தது.

எனக்கு எதையும் படித்துத்தான் நம்பிப் பழக்கம். காரோடு வந்த கையேடு டேஷ்போர்டுக்குள் இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து, அந்த விளக்கிலேயே படித்தேன். கடைசிக் கதவைச் சாத்திச் சற்று நேரத்தில் விளக்கு தானாக அணையும் என்றிருந்தது.

"அப்ப யாரும் தொடாதீங்க," என்றாள் மனைவி. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

தெருவே மூச்சுவிடாமல் நின்றது. விளக்கு மங்கி மங்கி அணைந்தது.

"அணைஞ்சுதா, இல்ல பல்பு போயிருச்சா?" என்று கதவைத் திறந்தார் அண்ணன்.

மனைவி கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். "எல்லாரும் ஊட்டுக்குப் போங்க. நீங்களுந்தான்," என்றாள் என்னைப் பார்த்து.

காலையில் மேகம் மூடியிருந்தது. கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் வளைத்து ஓட்டும் 'எச்', ரோட்டில் ஓட்டிக் காட்டுவது இரண்டையும் ஒரு பிசகில்லாமல் முடித்து இறங்கினாள். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய மலையாளி இன்ஸ்பெக்டர் நடக்கத் தொடங்கியவர், திரும்பிப் பார்த்தார்.

"லைட் கெட்டில்லல்லோ," என்று உள்ளே அணையாத விளக்கைக் காட்டிக் கதவில் கை வைத்தார்.

"சாரே, தொடல்லே!" தொட வேண்டாமென்று மனைவி போட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். எங்களோடு நின்றார். அடுத்து ஓட்ட வேண்டியவர்களும் வந்து நின்றார்கள். விளக்கு அணைந்தது.

"பல்பு போயோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சாரே," என்றாள்.

"பாஸ்," என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. இதில் அவளுக்கும் எனக்கும் தகராறில்லை.