மனைவியின் குரல்

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பெயர். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். தேர்தலில் சுயேச்சையாக நின்று இரண்டு முறை தோற்றவர். மூன்றாவது முறை நின்றபோது, அவரையும் குடும்பத்தையும் வைத்து ஆவணப்படம் எடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்து சேர்ந்தாள்.

"நாங்க இல்லன்னே நெனச்சுக்குங்கக்கா" என்றாள் படக்காரப் பெண். அடுத்த நிமிஷமே, "கதவை இன்னொரு தடவை திறந்துட்டு வாங்களேன்" என்பாள்.

"இவ இல்லன்னா நான் இல்ல" என்றார் கணவர். பதினெட்டு வருஷத்தில் அவள் காதில் அது விழுந்தது அப்போதுதான். அதையும் கேமராவைப் பார்த்துத்தான் சொன்னார். பத்தாவது படிக்கும் மகள், அம்மாவோடு சண்டை போடுவதற்கு முன்னால்கூடத் தலை வாரிக்கொண்டாள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள், உடுப்பில் மைக் மாட்டியிருந்ததை மறந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அவள் தன் அக்காவிடம் போனில் பேசினாள். "இவரு தோத்துடணும்க்கா. தோத்தாத்தான் இந்த மனுஷன் வீடு வந்து சேருவாரு."

தோற்றார். பணிமனையில் கூட வேலை செய்தவர்களே பாதிப் பேர் கைவிட்டுவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்துப் படத்தைத் திரையிட்டார்கள். மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். திரையில் அவர் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போகிறார். பின்னணியில் அவள் குரல்: "இவரு தோத்துடணும்க்கா." பக்கத்தில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் படக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "அந்த இடத்தை மட்டும் எடுத்துடும்மா."

"எதை வேணாலும் படத்துல போட்டுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களேக்கா. படத்துக்கு உயிரே அதுதான்."

அதற்குப் பிறகு கணவர் மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார். சங்கக் கூட்டம், நண்பர்கள் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டார். டிவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை.

பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டாள். "என்னைத் திட்டவாவது செய்யுங்களேன்."

"அதான் வீடு வந்து சேந்துட்டேனே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகள் வெளியூர்க் கல்லூரியாகப் பார்த்து விடுதிக்குப் போய்விட்டாள். போனில் அம்மாவிடம் பேசுவாள், அப்பாவிடம் பேசுவாள், தனித்தனியாக.