பொன்னுத்தாய் டீச்சர் ஜப்பானுக்கு அனுப்பிய படங்கள்

மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு ஒன்று செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிக்கு வந்தது. தபால்காரர் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எப்போதும் கேட்டுக் குடிக்கும் தண்ணீரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். ஓடைப்பட்டியிலிருந்து பொன்னுத்தாய் டீச்சரின் தம்பி எழுதியிருந்தார். அக்கா வெள்ளிக்கிழமை காலையில் காலமானார், அன்று சாயந்திரமே எடுத்துவிட்டோம், பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவும். அவ்வளவுதான். நான் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, அழித்து, மறுபடியும் அதே கணக்கை எழுதினேன். நான்கு நாள், அவர் போனது தெரியாமல், சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன். அந்த நினைப்பு இன்னும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். பொறுமைசாலி, சாந்தமானவர் என்றெல்லாம் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, வீட்டாரோடு மல்லுக்கட்டி மதுரைக்குப் போய் டிரெயினிங் முடித்து வந்தவர். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் எங்கள் போர்டுப் பள்ளியில், பாடம் நடத்தும்போது ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, செய்தது சரியா என்று ஒரு வாரம் நம்மைப் பிடித்து உலுக்குவார். எனக்கு அது பல நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் இந்தப் பக்கம் எட்டுவதற்கு முன்னால், சென்னையில் ஒரு தொண்டுச் சங்கத்திடமிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களோடு பிள்ளைகள் வரைந்த படங்களை ஆல்பமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எங்களுக்கு அமைந்தது ஜப்பானில் கடலோரத்து ஊர் ஒன்றின் பள்ளிக்கூடம். நன்றாக வரைகிற பத்துப் பிள்ளைகளின் படம் போதும் என்றார் தலைமையாசிரியர். டீச்சர் கேட்கவில்லை. கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்த சேரிப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேருக்கும் தாள் கொடுத்தார். சேரிப் பிள்ளைகள் தொட்ட கலர் பென்சிலை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொடுவதா என்று ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள்.

"தொட வேணாம். ஒங்க பிள்ளைக படம் இல்லாமலே ஆல்பம் போகட்டும்" என்றார் டீச்சர்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் அழுது அடம்பிடித்துவிட்டு மூன்றாம் நாள் வந்து பென்சிலை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இந்த வம்பெல்லாம் எதற்கு என்று தோன்றியது. "எத்தனை பிள்ளை வரைஞ்சதுன்னு ஜப்பான்காரனுக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டேன். "அவுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல" என்றார்.

எட்டு மாதம் கழித்து அவர்கள் ஆல்பம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்து வரைந்த படங்களும் அதில் இருந்தன. எல்லாப் படத்திலும் எங்கள் ஓட்டுக்கூரைமேல் பனி குவிந்து கிடந்தது. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு, "ஏலே, அவுக வீட்டை நீங்க வரைஞ்சீகளே, எல்லா வீட்டுலயும் தென்னமரம் நின்னுச்சே. அங்கன தென்னை இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றது. டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். ஹனா என்ற ஒரு சிறுமி, குடை பிடித்துப் பாலத்தில் நிற்கும் தன் அம்மாவை வரைந்திருந்தாள். அது எல்லோருக்கும் பிடித்துப்போனதால் தனியே எடுத்துச் சுவரில் மாட்டினோம்.

பிறகு ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். எங்கள் ஊர்க் கருப்பையா அங்கே மரக்கடையில் வேலை பார்த்தவர். அவரும் மகள் ராசாத்தியும் வந்து சேர்ந்தார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் வழியிலேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ராசாத்திக்கு அப்போது ஒன்பது வயது. டீச்சரின் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். இரண்டாம் நாளே பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பெருமையாகச் சுவரைக் காட்டி, "இது ஜப்பான் பிள்ளை வரைஞ்சது" என்றாள். ராசாத்தி அழவில்லை, கத்தவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தாள்.

டீச்சர் அப்போதே படத்தைக் கழற்றி ஆல்பத்தில் வைத்து அலமாரியைப் பூட்டினார். அப்படியும் அவள் உள்ளே வரவில்லை. மறுநாள் டீச்சர் வகுப்பு முழுவதையும் மரத்தடிக்குக் கொண்டுபோனார். தலைமையாசிரியர் முனகினார். ஆறேழு நாள் அங்கேயே பாடம் நடந்தது. ஒரு மத்தியானம் குமுளிப் பக்கமிருந்து மழை இறங்கி வந்தது. பிள்ளைகள் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ராசாத்தியும் அவர்களோடு ஓடிவிட்டாள்.

எனக்கு அதோடு முடிந்துவிட்டது. டீச்சருக்கு முடியவில்லை. "படத்தை எடுத்தது சரியா சார்? அந்த ஹனாப் பிள்ளை என்ன குத்தம் செஞ்சுச்சு?" என்று கேட்டார். எடுத்தது சரிதான் என்றேன். "எடுக்காம வச்சிருந்தா?" அதுவும் தப்பில்லை என்றேன். "ரெண்டும் சரின்னு சொல்றவுகளால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்து நடந்ததை வெளியூர் நண்பர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. சர்க்காரிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து, ஜப்பானோடு கடிதப் போக்குவரத்து யாருக்காவது உண்டா என்று பொதுவாக விசாரித்துவிட்டுப் போனார். மிரட்டவில்லை. ஆனால் தலைமையாசிரியருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கும்தான். டீச்சர் லீவில் ஓடைப்பட்டி போயிருந்தார். அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தது நான். பள்ளிக்குப் பின்னால் வைத்து எரித்தார்கள். அட்டை கெட்டியாக இருந்ததால் எரிய நேரம் ஆனது. நான் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை டீச்சர் வந்ததும் நானே போய்ச் சொன்னேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பயந்துட்டீக. நான் இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா அது என்னோடதும் இல்ல, ஒங்களோடதும் இல்ல. பிள்ளைகளோடது. அவுககிட்டச் சொல்லுங்க சார்" என்றார்.

படம் வரைந்த பிள்ளைகள் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களையும் மூன்றாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். பயந்து எடுத்துக் கொடுத்தேன், எரித்துவிட்டோம் என்று. ஒரு பிள்ளை, "நம்ம படமெல்லாம் அங்கன பத்திரமா இருக்குல்ல சார்?" என்று கேட்டது. ராசாத்தி மட்டும் தலை நிமிராமல், "எரிச்சது நல்லதுதான்" என்றாள். டீச்சர் அவளைத் திருத்துவார், ஏதாவது நல்ல வார்த்தை சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சும்மா இருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டதற்கு, "வேற என்ன சொல்லுவா அவ? அன்பா இருன்னு அவகிட்ட நான் சொன்னா, என் வாய் கூசாதா?" என்றார்.

யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று ஊரில் இனிப்புக் கொடுத்தார்கள். டீச்சர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். "அந்தப் பள்ளிக்கூடம் இருக்கான்னு யாருகிட்டக் கேக்குறது?" என்பதே அவர் பேச்சாக இருந்தது. சென்னைச் சங்கத்துக்கு ஐந்தாறு கடிதம் எழுதினார். விலாசம் ஆல்பத்தோடு எரிந்துபோயிருந்தது. ஊர்ப்பெயர் மட்டும் அவருக்கு மனப்பாடம். சுதந்திரம் வந்த வருஷம், பள்ளி இருக்கிறது, ஆல்பம் அனுப்பலாம் என்று சங்கத்திலிருந்து பதில் வந்தது.

மறுபடியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாள் கொடுத்தார். ராசாத்தி அப்போது எட்டாம் வகுப்பு. அவளை வரையச் சொல்லவில்லை. ஒரு சாயந்திரம் அவளே ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். காட்டு வழி. வரிசையாக நடக்கிற ஆட்கள். ஓரத்தில் சேலையால் மூடிக் கிடக்கும் ஒருத்தி. மேலே விமானம், அதன் இறக்கையில் சிவப்பு வட்டம்.

"அனுப்புறதுன்னா அனுப்புங்க டீச்சர். மாத்தி வரையமாட்டேன்" என்றாள்.

தலைமையாசிரியர் பதறிப்போனார். "சமாதானத்துக்குத்தானம்மா இந்த ஆல்பம். சின்னப் பிள்ளைக பாக்குறதுக்கு இதைப் போயி அனுப்பலாமா?" என்றார். அவர் கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். டீச்சர் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். "நானும் நேத்துலேர்ந்து அதைத்தான் யோசிக்கிறேன். பூவும் மலையும் மட்டும் அனுப்புனா இவளை மறுபடியும் மரத்தடியில உக்கார வச்ச மாதிரி ஆயிடும். இவளும் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்" என்றார். படம் போயிற்று. கூடவே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். இதை வரைந்தவளுக்கு அம்மா இல்லை, உங்கள் மனதைப் புண்படுத்த இதை அனுப்பவில்லை.

அதன்பின் ஒரு வருஷம் அவருக்குத் தூக்கம் இல்லை. தப்புப் பண்ணிட்டேனோ, அந்தப் பிள்ளைகளிலும் அம்மா இல்லாதவர்கள் எத்தனை பேரோ என்று அரிக்கத் தொடங்கிவிட்டார். உடம்பும் கெட்டது. மூச்சிழுப்பு அதிகமாகி ஓடைப்பட்டிக்கே போய்விட்டார். பதில் வந்தபோது நான்தான் பஸ் பிடித்துக் கொண்டுபோனேன். அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். பழைய கட்டடம் இல்லை, கொட்டகையில் நடத்துகிறோம். ஹனா உயிரோடு இருக்கிறாள், அவள் அம்மா இல்லை. உங்கள் மாணவியின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சில பெற்றோர் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் நான் எடுக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் கட்டிலைவிட்டு எழுந்தார். தம்பி தடுத்தும் கேளாமல் திராட்சைப் பந்தல் வரை போய்த் திரும்பினார். மூச்சு வாங்கியது. "நான் எடுத்துட்டேன். அந்தம்மா எடுக்கல. யாரு செஞ்சது சார் சரி?" என்றார். இந்தத் தடவை இரண்டும் சரி என்று நான் சொல்லவில்லை. தெரியவில்லை டீச்சர் என்றேன். "அதுதான் நெசம்" என்றார். பதில் எழுத வேண்டும், கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்றார். தேறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராசாத்தியும் வந்திருந்தாள். வருகிற தை மாதம் அவளுக்குக் கடமலைக்குண்டில் கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஜப்பான் கடிதத்துக்குப் பதில் போடாமல் கிடக்கிறது, நீயும் நானும் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுவோம். ஹனாவுக்கு நானே எழுதணும். எனக்கு இன்னும் கோவம் போகல சார், அதையும் எழுதணும். நான் சொல்றத நீங்க நல்லபடியா மாத்திப்புடக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தோம். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லைக்கூட மெருகேற்றாமல் எழுதினேன். இரண்டு இடத்தில் என் பேனா தயங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், தொடர்ந்து எழுதினேன். அந்தத் தயக்கம் என்னுடையது. தயங்கிய பிறகும் மாற்றாமல் எழுதியது டீச்சரிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.