திரும்பி வந்த டின்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் மலைப்பாதையில் இருந்த ஒரு பழச்சாறு கம்பெனிக்கு அம்மாவும் நானும் கூலிக்குப் போனோம். ஆயக்குடிக் கொய்யாவின் சாறு வெள்ளையாகத்தான் இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்குச் சிவப்புதான் பிடிக்கும் என்று முதலாளி சாயம் கலக்கச் சொன்னார். எங்கள் நகக்கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும்.

டின்னில் அடைத்துக் கப்பலில் போன சரக்கு ஒரு மழைக்காலத்தில் அப்படியே திரும்பி வந்தது. அந்தச் சாயத்துக்கு அங்கே தடையாம், துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் ஒரு முத்திரை இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

"பொறந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கான்" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். எங்களையும் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதித்தான் கப்பலேற்றினார்கள்.

"டின்னு இங்க பொறந்துச்சு, இங்க அனுப்புனாங்க. நியாயந்தான். அங்க பொறந்த எங்கள எதுக்குங்க ஐயா இங்க அனுப்புனாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் நமக்கெதுக்கும்மா? சோலியப் பாருங்க. வெரசா லேபிள உரிங்க."

வெந்நீரில் ஊறவைத்து உரித்தோம். அந்த நாடு வேண்டாமென்ற சாற்றைப் புது லேபிள் ஒட்டிப் பழனிக்கு இறக்கினார்கள். பாதயாத்திரைக் கூட்டம் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக் குடித்தது.

டின்களை ஊர் ஏற்றுக்கொண்டது. எங்கள் மேல் ஒட்டிய 'சிலோன்காரி' மட்டும் எந்த வெந்நீருக்கும் உரியவில்லை.