ஆரணி வழி சிப்காட் பஸ்

பெரியபாளையம், காலை ஆறரை மணி. முந்தின நாளே திருநின்றவூரிலிருந்து தங்கை ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல் வரை புதிதாக நீட்டித்திருக்கும் டவுன் பஸ்ஸில் அவளோடு போய்ப் பார்க்கத்தான். ஏற ஆளில்லை என்று அதை நிறுத்தப்போகிறார்களாம். நிறுத்தினால் அவள் ஷேர் ஆட்டோவில் ஆரணி, அப்புறம் புதுவாயல், அப்புறம் இன்னொரு வண்டி என்று மாறிமாறிப் போக வேண்டும். எட்டு மணிக்குக் கம்பெனி கேட் மூடிவிடும். காண்டிராக்ட் வேலை, அடிக்கடி தாமதமானால் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

"ஆளே இல்லையாமே?" என்று கேட்டுத் தொலைத்தேன். பொரிந்துவிட்டாள். "இன்னாண்ணா பேசற? தெனமும் நிக்க எடமில்லாம தொங்கினு போறோம்!"

ஏழு மணிக்கு வண்டி வந்தது. அம்மாடி, அப்படியொரு தள்ளுமுள்ளு! முக்கால்வாசிப் பேர் பெண்கள், கையில் சாப்பாட்டுப் பை. இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு நான் இருபது ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். கண்டக்டர் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் வரப் பார்த்தார்.

"எங்களுக்கு ஃப்ரீ தானே நைனா? நீ ஏன் பேஜாரு பட்டுக்கினு வர்ற? அங்கேயே குந்து."

பெண்களுக்கு இலவசப் பயணம்தான். ஆனாலும் டிக்கெட் அடித்தாக வேண்டும். அவரோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். தினமும் இதே உபசாரம்தானாம். நல்ல மனுஷன், அலையவிடக் கூடாதாம்.

ஆரணி தாண்டியதும் செக்கிங் அதிகாரி ஏறினார். கண்டக்டரின் மெஷினை வாங்கிப் பார்த்தார். கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மெஷின்ல ஏழே டிக்கெட்டு. ஏழு பேருக்கு எதுக்கு ஒரு பஸ்ஸு?"

அந்த ஏழில் என்னுடையதும் ஒன்று. ஸ்டெல்லாவுக்கு முகமே செத்துப்போனது.

"ஃப்ரீன்னா டிக்கெட்டே தேவையில்லன்னு நெனச்சோம் சார்."

"காசுதாம்மா வேணாம். டிக்கெட்டு அடிச்சாத்தான் நீங்க ஏறினதே ஆபீசுக்குத் தெரியும்."

வண்டியை ஓரங்கட்டி எல்லோருக்கும் அடிக்கச் சொன்னார். கண்டக்டர் அவசர அவசரமாக அடித்தார். பாதியில் பேப்பர் ரோல் தீர்ந்து, வேறு ரோல் மாட்ட வேண்டியதாயிற்று. "டைமாவுது, வண்டிய எடு நைனா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்டெல்லா திரும்பிச் சீறினாள். "லேட்டானா இன்னிக்கி ஒரு நாள் போவும். பஸ்ஸு போச்சுன்னா வேலையே போச்சு. நீ அடி நைனா!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. அவளுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. பஸ்ஸை இனி நிறுத்த மாட்டார்கள் இல்லையா என்று இறங்கும்போது அதிகாரியிடம் கேட்டேன். "முன்னாடி நாளெல்லாம் காலின்னுதானே பதிவாயிருக்கு? மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க" என்றார்.

ஊர் திரும்பினேன். திருநின்றவூரில் ரயில் தாமதமானால் வாய்க்கு வந்தபடி திட்டுவோம். நாளைக்கு ரயிலே வராமல் போய்விடுமோ என்று ஒருநாளும் பயந்ததில்லை. அந்தப் பயம் இப்போதுதான் பிடித்திருக்கிறது. தினமும் ஏழு மணிக்கு அவளுக்குப் போன் போடுகிறேன்.

இன்று மாதத்தின் கடைசி நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தாள்.

"பஸ்ஸு வந்துச்சாம்மா?"

ஒரே இரைச்சல், அதற்குள் அவள் குரல்: "நைனா, இங்க வா! எனக்கு மொதல்ல அடி!"